ஆடுகிற வரைக்கும் இலவசம்

போன செவ்வாய்க்கிழமை காலையில் ரேவதி போன் செய்தாள். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் இருபத்தெட்டு வருஷம் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அங்கே இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் ரேவதி. நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். ஒரே குறை, நான் காப்பி குடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவாள்.

"சார், ஸ்டோர் ரூம்ல அந்தப் பச்ச பீரோ இருக்குல்ல? அத பழைய இரும்புக்கு எடைக்கிப் போடச் சொல்லிட்டாங்க. பூட்டிக் கெடக்குது. சாவி ஒங்ககிட்ட இருக்குதா சார்?"

"இல்லம்மா. செகரெட்டரி ரூம்ல இருக்கும், கேட்டுப் பாரு" என்றேன்.

"சரி சார். இப்பல்லாம் பீரோவே தேவப்படல. செலக்‌ஷனுக்கு வர்ற புள்ளைங்க ஒரிஜினல ஸ்கேன் பண்ணிட்டு அப்பவே கையில குடுத்துடுறோம். அப்படித்தான் ரூல் வந்துருக்கு."

"நல்லது" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். எதிரே என் மனைவி மேரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டாள்.

"பீரோ சாவி டிவிக்கு மேல தட்டுலதான கெடக்குது? ரிட்டயர் ஆன அன்னிக்கே குடுத்துட்டு வாங்கன்னேன். பொட்டப் புள்ளகிட்ட காலங்காத்தால எதுக்கு இந்தப் பொய்யி?"

எதற்கென்று எனக்கே தெரியவில்லை. நினைத்துச் சொன்ன பொய் இல்லை அது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏனென்றால் அந்த வாக்கியத்தை நான் முன்பே சொல்லிப் பழகியிருக்கிறேன். முதல் தடவை சொன்னது பண்ருட்டிப் பக்கம் அண்ணாகிராமத்துக்காரர் ஒருவரிடம். அவர் பெயர் ஏழுமலை. அவர் மகள் பெயர் அமுதா. ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் அனுபவத்தை எழுதுங்கள், இளையவர்களுக்கு உதவும் என்று எங்கள் உடற்கல்வி ஆசிரியர் சங்கத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். இப்போது இதை எழுதுகிறேன்.

என் கதை பெரிய கதை இல்லை. கடலூர் முதுநகரில் பிறந்தேன். எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் சாயங்காலமானால் வலை கட்டுவார்கள். அப்போதிருந்த பங்குச் சாமியார் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சர்வீஸ் போடுவார், தப்பாகப் போனால் எங்களையே திட்டுவார். அங்கேதான் வாலிபால் கற்றுக்கொண்டேன். சென்னையில் உடற்கல்வி படித்தேன், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சில வருஷம் விசில் ஊதினேன், பிறகு இந்தக் கல்லூரி. அவ்வளவுதான்.

ஆள் எடுக்கிற விதத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அதில் நான் கெட்டிக்காரன், அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை.

மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த வாரம், காலை ஆறு மணிக்குத் தேர்வு. பெற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளை ஸ்டோர் ரூம் சுவரோரம் நிற்க வைப்பேன். விரல் நுனியைச் சாக்பீஸ் தூளில் தொட்டு, நின்றபடி கையை உயர்த்திச் சுவரில் ஒரு கோடு, பிறகு எம்பிக் குதித்து ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறதோ அதுதான் பிள்ளையின் குதி. மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார்கள். நான் அடுத்து ஒன்று பார்ப்பேன். குதித்துவிட்டு எப்படி இறங்குகிறாள்? இரண்டு காலும் சேர்ந்து, முட்டி மடங்கி, பூனை மாதிரி இறங்குகிறாளா, தொபுக்கென்று ஒற்றைக் காலில் விழுகிறாளா? ஒற்றைக் காலில் இறங்குகிறவளை நான் எடுக்க மாட்டேன். எவ்வளவு குதித்தாலும் எடுக்க மாட்டேன். என்றைக்காவது முட்டி போய்விடும்.

எடுத்துவிட்டால் அடுத்தது கவர். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல். பழுப்பு கவரில் போட்டு மேலே பெயர் எழுதி, அந்த நிமிஷமே பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் வேறு கல்லூரி பி.டி. மாஸ்டர் வீட்டு வாசலில் ஸ்வீட் பாக்ஸோடு நிற்பார். டோர்னமென்டில் பார்த்துக்கொண்டால் நாங்கள் சௌக்கியமா என்று கேட்டுக்கொள்வதில்லை. "இந்த வருஷம் எத்தன கவரு?" என்றுதான் கேட்போம். பிள்ளை கையை விட்டுப் போனாலும் கவர் கையை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நானும் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

கவர் வாங்கியதும் பெற்றவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து. கல்லூரிக் கட்டணம் கிடையாது, ஹாஸ்டல், சாப்பாடு, ஷூ, ஜெர்ஸி எல்லாம் கல்லூரி செலவு. கடைசி வரி ஒன்று இருக்கும். விளையாட்டைத் தொடராத ஆண்டிலிருந்து முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த வரியை நான் வாசித்துக் காட்டாமல் விட்டதில்லை. ஆனால் வேகமாக வாசிப்பேன்.

எங்கள் கல்லூரி செகரெட்டரியைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பியூனைக் கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். மேஜை மேல் ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் நெய்யில் வறுத்த முந்திரி இருக்கும். சாதாரணமாக அது அவர் பக்கமே இருக்கும். கெட்ட சேதி சொல்லப் போகிறார் என்றால் மட்டும் ஒற்றை விரலால் கிண்ணத்தை நம் பக்கம் தள்ளி, "எடுத்துக்குங்க மாஸ்டர்" என்பார். ஸ்டாஃப் ரூமில் யாராவது முகம் செத்து வந்தால், "என்னா, முந்திரி குடுத்துட்டாரா?" என்று கேலி செய்வோம். எனக்கு அந்த முந்திரி தொண்டையில் இறங்கியதே இல்லை.

அமுதா வருவதற்கு முந்தின வருஷம் எனக்கு அந்தக் கிண்ணம் தள்ளப்பட்டது. குடிகாடு கிராமத்திலிருந்து இரண்டு பெண்கள் என் டீமில் இருந்தார்கள், இருவரும் அக்கா தங்கை, நல்ல ஆட்டக்காரிகள். பேங்க்கில் லோன் கேட்கிறார்கள், ஒரிஜினல் ஒரு நாள் வேண்டும் என்று வந்து கவரை வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் வேறு கல்லூரி ஜெர்ஸியில் நிற்கிறார்கள். அந்த வருஷம் நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

"எடுத்துக்குங்க மாஸ்டர். நான் ஒண்ணும் சொல்லல. இந்த வருஷமும் கப் வரலன்னா, ஸ்போர்ட்ஸ் சீட்ட எடுத்துடலாமான்னு போர்டுல கேக்குறாங்க. பதினாறு புள்ளைங்க ஓசியில படிக்குது. பாத்துக்குங்க."

அதைக் கேட்டுக்கொண்டு வந்த மே மாதத்தில்தான் அமுதா சுவரோரம் வந்து நின்றாள். நல்ல உயரம், எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைச் சடை, அவிழ்ந்துபோன கயிற்றோடு யாரோ கொடுத்த ஷூ. சாக்பீஸ் தூளைத் தொட்டாள், குதித்தாள். இரண்டாவது கோடு எங்கே என்று நான் தலையை நிமிர்த்தித் தேட வேண்டியிருந்தது. இறங்கின சத்தமே கேட்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்பா ஏழுமலை குத்தகைக்குப் பலாத்தோப்பு பார்க்கிறவர், அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை. அந்தம்மா தாளில் கையெழுத்துப் போடும்போது கையைப் பார்த்தேன். கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு விரல் எல்லாம் கருத்துத் தோல் உரிந்திருந்தது. ஏழுமலை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நர்சிங்குக்கும் போட்டு வச்சிருக்குது சார். கவர்மென்ட்டு காலேஜி. கெடைக்குமா என்னான்னு தெரியல. கெடச்சா என்னா சார் பண்றது?"

"வந்து கேளுங்க, குடுத்துடப் போறோம். பேப்பர பூட்டி வச்சி நாங்க என்னா பண்ணப் போறோம்?" என்று சிரித்தேன்.

கல்லூரி திறந்தது. அமுதா ஹாஸ்டலில் சேர்ந்தாள். காலையில் முதல் ஆளாக வருவாள். என் இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமைத் திறந்து பந்தும் வலையும் எடுத்து வருவது அவள் வேலையாகிவிட்டது. கிரவுண்ட் கேட், ஸ்டோர் ரூம், பீரோ, எல்லாச் சாவியும் ஒரே கொத்துதான். ஆறு வாரத்தில் என் டீமே அவளைச் சுற்றி நிற்க ஆரம்பித்தது. எனக்கு வயது குறைந்த மாதிரி இருந்தது.

ஒரு வியாழக்கிழமை ஏழுமலை ஸ்டோர் ரூமுக்கு வந்தார். தோளில் ஒரு பலாப்பழம், சட்டைப் பையில் மடித்த ஒரு தாள்.

"சார், நர்சிங்குக்குக் கூப்ட்டுட்டாங்க சார். சனிக்கெழம மெட்ராசுல கவுன்சிலிங்கு. ஒரிஜினலு இல்லன்னா உள்ளயே உட மாட்டாங்களாம். கவர குடுத்தீங்கன்னா வாங்கிகிட்டுப் போயிடுறேன்."

அந்த ஆளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. பழத்தை என் காலடியில் இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சாவிக் கொத்து என் இடுப்பில், சட்டைக்கு உள்ளே இருந்தது. எட்டு அடி தூரத்தில் பீரோ.

"சாவி செகரெட்டரிகிட்ட இருக்குதுங்க. அவரு ஊருல இல்ல. திங்கக்கெழம வந்துடுவாரு" என்றேன்.

"சனிக்கெழமையே போவணுமே சார்."

"நான் போன் போட்டுப் பாக்குறேன். நாளைக்கி வாங்க."

அவர் பஸ் ஏறிப் போய் மறுநாள் திரும்பி வந்தார். அதே பதிலைச் சொன்னேன். இந்த முறை அவர் எதிரிலேயே போனைக் காதில் வைத்து, யாருக்கும் போடாமல், "சார் எடுக்க மாட்டேங்குறாரு" என்றேன். செகரெட்டரி அப்போது மேல் மாடியில் உட்கார்ந்து முந்திரி தின்றுகொண்டிருந்தார். ஏழுமலை பன்னிரண்டு மணி வரைக்கும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "சரி சார், அதுக்குக் குடுத்து வச்சது அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனார்.

நான் ஏன் அப்படிச் செய்தேன்? பதினாறு பிள்ளைகள் இலவசமாகப் படிக்கிறார்கள், ஒருத்தி போனால் எல்லாம் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவள் ஆட்டத்துக்கு ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை தேடி வரும், நர்ஸ் வேலை யாருக்கு வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் உள்ளே இருந்தது எல்லாம் ஆசை. அந்தப் பிள்ளை என் டீமில் ஆட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலமே, பிராக்டீஸ் முடிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அமுதாவும் கேட்டாள்.

"சார், அப்பா வந்தாரா?"

"வந்தாரும்மா. செகரெட்டரி ஊர்ல இல்ல. ஏன், ஒனக்கு இங்க என்னா கொறச்சல்? எல்லாம் ஃப்ரீ."

அவள் அடுத்த ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். "எனக்கு வாலிபால் உசுரு சார். ஆனா இங்க ஆடுற வரைக்கும்தான ஃப்ரீ? அங்க ஆடலன்னாலும் படிக்கலாம்."

பிளஸ் டூ முடித்த பிள்ளை. நான் வேகமாக வாசித்த கடைசி வரியை அவள் மெதுவாக யோசித்து வைத்திருக்கிறாள். "போ, போயி குளி. ஈரத்தோட ஒக்காந்திருந்தா சளி புடிக்கும்" என்று அதட்டி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒரு காலை. சாவிக் கொத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு நின்றாள்.

"இதுல பீரோ சாவி எது சார்?"

"அந்தச் சின்னது" என்றேன், விசில் கயிற்றைச் சரிசெய்துகொண்டே. சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் அந்தச் சின்னச் சாவியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிறகு போய் ஸ்டோர் ரூமைத் திறந்து பந்து மூட்டையைத் தூக்கி வந்தாள். நினைத்திருந்தால் பீரோவைத் திறந்து கவரை எடுத்திருக்கலாம், ஆனால் சனிக்கிழமை போய்விட்டது, எடுத்து என்ன பண்ணுவாள்? அவள் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை என்று நான் நம்பிக்கொண்டேன். நம்புவது சுலபமாக இருந்தது.

அந்த வருஷம் கப் வாங்கினோம். செகரெட்டரி கிரவுண்டுக்கே வந்து, கோட்டுக்கு வெளியே நின்று கை தட்டினார். போட்டோவில் அமுதா நடுவில் இருக்கிறாள், கப்பின் ஒரு காதை அவளும் இன்னொரு காதை நானும் பிடித்திருக்கிறோம். அதை நான் வீட்டில் மாட்டவில்லை.

அடுத்த வருஷம் கடலூரில் ஒரு அரை இறுதி ஆட்டம். ஸ்மாஷ் அடிக்க ஏறினாள், அழகாக ஏறினாள். இறங்குகிற இடத்தில் எதிரணிப் பெண்ணின் பாதம் வலைக்கு அடியில் நீண்டிருந்தது. பூனை மாதிரி இறங்குகிறவளுக்கும் தரை இருந்தால்தானே? முட்டியில் சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது. அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஜவ்வு அறுந்துவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. நான் தினம் சாயங்காலம் ஹார்லிக்ஸும் பழமுமாகப் போய் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் நர்ஸ் வந்து டிரிப் பாட்டிலை மாற்றினார். அமுதாவை விட நாலைந்து வயதுதான் பெரிய பெண். அமுதா அந்த நர்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசியை எப்படி ஏற்றுகிறார், பிளாஸ்திரியை எப்படிக் கிழிக்கிறார், எல்லாம் பார்த்தாள். நர்ஸ் போன பிறகும் அந்தக் கதவையே பார்த்தாள். என்னால் உட்கார முடியவில்லை. போன் வந்த மாதிரி எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

நடக்கலாம், குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு ஜூனிலும் நான் ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். பெயர், வகுப்பு, ஆட்டம், போன வருஷம் ஆடிய போட்டிகள். கடைசிக் கட்டத்தில் 'தொடரலாம்' அல்லது 'தொடர வேண்டாம்', பக்கத்தில் என் கையெழுத்து. அமுதாவின் மூன்றாம் வருஷத்தில் நான் 'தொடரலாம்' என்று எழுதினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏழாம் நம்பர் ஜெர்ஸி போட்டுப் பெஞ்சில் உட்கார வைத்தேன். அவளும் உட்கார்ந்தாள், தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், மற்ற பிள்ளைகளின் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டாள். இன்னும் ஒரு வருஷம்தானே, எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று இருந்தேன்.

செப்டம்பரில் செகரெட்டரி கூப்பிட்டார். போய் உட்கார்ந்ததும் கிண்ணம் நகர்ந்தது.

"எடுத்துக்குங்க மாஸ்டர். அந்த ஏழாம் நம்பர் பொண்ணு ஏன் ஒக்காந்துகிட்டே இருக்குது?"

"முட்டி சரியாவல சார். இந்த வருஷத்தோட படிப்பு முடிஞ்சிடும். ஒரே வருஷம்."

"பாவம்தான். நான் ஒண்ணும் சொல்லல. அந்த லிஸ்ட்ட நீங்களே திருத்திக் குடுத்துடுங்க. ஒங்க கையெழுத்துதான இருக்குது."

மேஜை மேலேயே பட்டியல் தயாராக இருந்தது. பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது சர்வீஸ் ஐந்து வருஷம் பாக்கி, மகள் கல்யாணம் பாக்கி. 'தொடரலாம்' என்பதை அடித்தேன். மேலே 'தொடர வேண்டாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரும்போது அவர் சொன்னதற்காக ஒரு முந்திரி எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து துப்பினேன். அதை அமுதாவின் அம்மா மாதிரி யாரோ ஒருத்திதான் உடைத்திருப்பாள்.

முழுக் கட்டணம் அவர்களால் முடியாது. அந்த வருஷம் பலா காய்ப்பும் இல்லை. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனே நின்றுகொண்டிருந்தது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? கடைசி வருஷத்தில், படிப்பு முடிய ஆறேழு மாதம் இருக்கும்போது, மகளை அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று ஏழுமலை வந்தார். ஆபீஸில், இந்த வருஷக் கட்டணத்தைக் கட்டினால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பாவும் மகளும் கிரவுண்டுக்கு வந்தார்கள். மத்தியான வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. அமுதா டிரங்குப் பெட்டியை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுக் காலை லேசாக இழுத்து நடந்து வந்தாள். ஏழுமலை கேட்டார்.

"சார், இனிமே காசு கட்டி எங்க சார் படிக்க வைக்கிறது? அந்தக் கவரயாச்சும் குடுக்கச் சொல்லுங்க சார். பிளஸ் டூ சர்டிபிகேட்டாச்சும் கையில இருந்தா எங்கயாவது சேத்து உடுவேன். செகரெட்டரி சாருகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு."

என்ன ஆனாலும் ஆகட்டும், வேலை போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்த மனிதருக்கு நல்லது செய்கிறோம் என்கிற வேகம். "அவர எதுக்குக் கேக்கணும்? இருங்க" என்று சொல்லி எழுந்தேன். ஸ்டோர் ரூமுக்குள் போய், சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து, சின்னச் சாவியைப் போட்டுத் திறந்தேன். பழுப்பு கவர், அமுதா என்று என் கையெழுத்து. எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

ஏழுமலை வாசல்படியில் நின்றிருந்தார். கவரைப் பார்க்கவில்லை. பீரோவில் தொங்கிக்கொண்டிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சாவி ஒங்ககிட்டயேதான் இருக்குமா சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், எனக்கு இன்றைக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. காலில் விழுந்திருக்க வேண்டிய இடம்.

"இல்லங்க. இப்பதான் செகரெட்டரி என்கிட்ட குடுத்து வச்சாரு" என்றேன்.

அவருக்குப் பின்னால் அமுதா நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் தினம் காலையில் அந்தக் கொத்தை என் கையிலிருந்து வாங்கியவள். எது பீரோ சாவி என்று கேட்டு வாங்கியவள். அவளுக்கு எல்லாம் தெரியும், சின்னச் சாவியைப் பிடித்துப் பார்த்த அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் எனக்காகக் குதித்திருக்கிறாள், கப் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் மனசு என்ன ஆகும் என்று நினைத்தாளோ, என்னமோ.

என் கையிலிருந்த கவரை அவளே வாங்கிக்கொண்டாள்.

"வாங்கப்பா போலாம். பண்ருட்டி பஸ்ஸு போயிடும்" என்றாள்.

ஏழுமலை திரும்பி எனக்குக் கும்பிடு போட்டார். இந்தத் தடவையும் போட்டார். அவள் போடவில்லை.

கவரைக் கொடுத்ததற்கு எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், அதோடு போயிற்று. வேலை போகவில்லை. அமுதா இப்போது பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி கம்பெனியில் பருப்புத் தரம் பிரிக்கிற வேலையில் இருப்பதாக அவளோடு ஆடிய ஒரு பெண் சொன்னாள். உட்கார்ந்து செய்கிற வேலை, முட்டிக்கு ஒன்றும் ஆகாது சார் என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். ரயில்வேயில் சேர்ந்த என் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். கூட்டத்தில் பேசக் கூப்பிட்டால் அந்த மூன்று பேரைப் பற்றித்தான் இத்தனை நாள் பேசினேன்.

இதை எழுத ஆரம்பித்து இரண்டு நாள் ஆயிற்று. நேற்று மேரி அந்தச் சாவியை எடுத்து என் காப்பி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். இன்று காலை ரேவதிக்கு நானே போன் செய்தேன்.

"அம்மா, அந்த பீரோ சாவி. அது செகரெட்டரிகிட்ட இல்ல. என்கிட்டதான் இருக்குது. எப்பவும் என்கிட்டயேதான் இருந்துது."

அவளுக்கு என்ன தெரியும், பாவம். பின்னால் பிள்ளைகள் பந்து அடிக்கிற சத்தம் கேட்டது.

"அய்யோ, அதுக்கா சார் போன் பண்ணீங்க? முந்தாநாளே பூட்ட ஒடச்சிட்டோம் சார். உள்ள ஒண்ணும் இல்ல."